கையில் பொருள் இல்லை; வழக்கு மட்டும் எப்படி?
சட்டக் கேள்வி பதில்

போதைப்பொருள் வாங்க முயன்றதாகச் சொல்லப்படும் வழக்குகளைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயர், ஊர், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரம் எதையும் வெளியிடவில்லை. பதில்கள் இந்தியச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை.

கேள்வி: ஐயா, என் மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பேருந்து நிலையத்தின் பின்புறம் கஞ்சா வாங்குவதற்காக நின்றுகொண்டிருந்தான் என்று சொல்லிப் பிடித்திருக்கிறார்கள். விற்க வந்த ஆளிடம் 1,400 கிராம் கஞ்சா இருந்ததாம். என் மகனிடம் ஆயிரம் ரூபாயும் கைப்பேசியும் தவிர வேறொன்றும் இல்லை. வாங்கவே இல்லாத பொருளுக்கு வழக்கு எப்படி வரும்? இருவர் பெயரையும் ஒரே முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். (ஒரு தந்தை)

பதில்: முதலில், பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். விற்பவன்தான் குற்றவாளி, வாங்குபவன் அவனிடம் ஏமாந்தவன் என்று நாம் பேச்சுவழக்கில் பிரித்துப் பார்க்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மருத்துவத்துக்கோ அறிவியல் ஆய்வுக்கோ விதிகளின்படி அனுமதிக்கப்பட்டாலன்றி, இப்பொருள்களைத் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் வாங்குவதையும் கொண்டுசெல்வதையும் பயன்படுத்துவதையும் ஒரே மூச்சில் தடைசெய்கிறது. கஞ்சாவுக்கான தண்டனையைக் கூறும் 20ஆம் பிரிவும் விற்பவர், வாங்குபவர், வைத்திருப்பவர் என எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் அடுக்குகிறது. தண்டனை கூடுவதும் குறைவதும் பொருளின் எடையைப் பொறுத்தது.

அடுத்தது முயற்சி. பொதுவான குற்றங்களில் முயற்சிக்குத் தண்டனை குறைவு. தனியாக வேறு விதி இல்லாத இடங்களில், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 511ஆம் பிரிவின்படியும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 62ஆம் பிரிவின்படியும், முயன்றவருக்கு முழுக் குற்றத்துக்குரிய சிறைக்காலத்தில் பாதி வரைதான் விதிக்க முடியும். போதைப்பொருள் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதன் 28ஆம் பிரிவு, குற்றம் செய்ய முயன்று, அந்த முயற்சியில் குற்றத்தை நோக்கி ஏதேனும் ஒரு செயலைச் செய்தவருக்கு, அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை என்கிறது. ஆகவே "வாங்க முயன்றதுதானே, வாங்கவில்லையே" என்ற வாதத்தால் தண்டனை பாதியாகும் என்று யாரேனும் உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் வேறு சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்.

இனி எடைக்கு வருவோம். உங்கள் மகன் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் கீழே இருப்பது சிறு அளவு. 20 கிலோவுக்கு மேலே போனால் வணிக அளவு. சிறு அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இந்த ஓராண்டு 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு ஆறு மாதமாக இருந்தது. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. இருபதாண்டு வரை போகலாம். அபராதம் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை, நீதிமன்றம் காரணம் எழுதினால் அதற்கு மேலும் போகும்.

விற்க வந்தவனிடம் இருந்த 1,400 கிராம் இடைப்பட்ட அளவில் வருகிறது. உங்கள் மகன் அதில் எவ்வளவு வாங்க வந்தான் என்பதே கேள்வி. ஆயிரம் ரூபாயுடன் வந்தவன் ஓரிரு பொட்டலத்துக்காக வந்தான் என்பதே இயல்பான ஊகம். அப்படியானால் அவன்மீது சுமத்தக்கூடியது சிறு அளவை வாங்க முயன்ற குற்றம், அதாவது ஓராண்டுக்குட்பட்டது. ஆனால் ஒரே முதல் தகவல் அறிக்கையில் இருவரையும் சேர்த்து, உடந்தை மற்றும் கூட்டுச் சதி பற்றிய 29ஆம் பிரிவையும் இணைத்திருந்தால், 1,400 கிராமும் இருவருக்கும் பொதுவானது போலத் தோற்றம் உண்டாகும். அறிக்கையின் நகலை வாங்கி 29 இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், விற்பவனுடைய மொத்தச் சரக்கோடு உங்கள் மகனைக் கட்டிப்போட எந்த ஆதாரமும் இல்லை என்பதை முதல் பிணை மனுவிலேயே உங்கள் வழக்கறிஞர் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், குற்றப்பத்திரிகையிலும் அதே எடை ஏறிவிடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? வைத்திருந்த வழக்கில் பொருள் பறிமுதல் செய்யப்படும், மகஜர் எழுதப்படும், அரக்கு முத்திரையிட்ட மாதிரி ஆய்வகத்துக்குப் போகும், அது கஞ்சாதான் என்று அறிக்கை வரும். வாங்க முயன்றவர் பங்கில் இவை எதுவும் இல்லை. ஆகவே அரசுத் தரப்பின் சுமை முழுவதும் கைப்பேசியின்மீதும் சாட்சிகளின்மீதும் விழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கில், கைப்பேசித் திரையின் அச்சுப்படி ஒன்றுதான் முதன்மை ஆதாரம். அதில் இருந்தவை மூன்றே வரிகள்: "இருக்கா?", "ரெண்டு", "வர்றேன்". அரசு வழக்கறிஞர் அதைக் கொள்முதல் ஆணை போல வாசித்தார். சினிமா டிக்கெட்டுக்கும் இதே மூன்று வரிதான் எழுதுவார்கள் என்றேன் நான். அந்தத் தாளோடு தரப்பட வேண்டிய மின்னணு ஆவணச் சான்றிதழும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. இப்போது பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் அது. உங்கள் வழக்கிலும் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. விசாரணையின்போது உங்கள் மகன் எதையேனும் எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் அதற்காக மனம் உடைய வேண்டாம். 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், இச்சட்டத்தின் கீழ் புலனாயும் அதிகாரிகளும் காவல் அதிகாரிகளே என்றும், அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்திருக்கிறது. விற்க வந்தவன் "இவனுக்காகத்தான் கொண்டுவந்தேன்" என்று காவலில் சொன்ன வாக்குமூலத்துக்கும் இது பொருந்தும்.

கேள்வி: நான் சட்டக்கல்லூரி மாணவி. ஆயத்தம், முயற்சி என்ற இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? விலை கேட்டாலே முயற்சி ஆகிவிடுமா?

பதில்: எண்ணம், ஆயத்தம், முயற்சி, நிறைவேற்றம் என்று நான்கு படிகளைப் பாடப்புத்தகம் சொல்லும். எண்ணத்துக்குத் தண்டனை இல்லை. ஆயத்தத்துக்குப் பெரும்பாலும் இல்லை. முயற்சிக்கு உண்டு. சொல்வது எளிது, ஒரு குறிப்பிட்ட மாலையில் ஒரு குறிப்பிட்ட மனிதன் எந்தப் படியில் நின்றான் என்று காட்டுவதுதான் கடினம். இரண்டு பழைய தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் போதைப்பொருளைப் பற்றியவை அல்ல. ஆனால் முயற்சி என்ற சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் தந்த அளவுகோல் அவற்றில் இருக்கிறது.

முதலாவது மல்கியத் சிங் வழக்கு. பஞ்சாபிலிருந்து நெல்லை வெளியே கொண்டுபோகத் தடை இருந்த காலத்தில், டெல்லியை நோக்கிச் சென்ற நெல் லாரி ஒன்றைச் சமால்கா என்ற இடத்தில் நிறுத்தினார்கள். டெல்லிக்கு இன்னும் 32 மைல் இருந்தது. பஞ்சாப் எல்லையையே லாரி தாண்டவில்லை. அங்கேயே ஓட்டுநர் மனம் மாறித் திரும்பியிருந்தால் அதுவரை செய்தவை யாருக்கும் கேடில்லாத செயல்களாகவே முடிந்திருக்கும் என்பதால், அது ஆயத்தமே தவிர முயற்சி அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது 1980இல் தீர்ப்பான முகமது யாகூப் வழக்கு. மகாராஷ்டிரத்தில் கடற்கழி ஒன்றின் கரையில், இரவில், வண்டியில் மறைத்துக் கொண்டுவந்த வெள்ளிக் கட்டிகளைப் பிடித்தார்கள். அந்நேரம் விசைப்படகு ஒன்றின் ஓசையும் கேட்டது. வெள்ளி இன்னும் படகில் ஏறவில்லை, ஆகவே ஆயத்தம்தான் என்று கீழே விடுதலை செய்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடத்தும் எண்ணத்தை ஐயமறக் காட்டும் செயல் நடந்துவிட்டது, குற்றத்துக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள், இது முயற்சிதான் என்றது.

நெல் லாரிக்கும் வெள்ளி வண்டிக்கும் இடையே எங்கோ உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. "என்ன விலை?" என்று கேட்டதோடு நின்றவரை முயற்சி செய்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். விலை பேசி, அளவு சொல்லி, இடமும் நேரமும் குறித்துக்கொண்டு, பணத்துடன் அந்த இடத்தில் போய் நின்றவர் யாகூபின் கடற்கரையில் நிற்கிறார். முன்பணத்தை யு.பி.ஐ. வழியாக அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர் எங்கே நிற்கிறார்? என் கருத்தில் அவரும் கோட்டைத் தாண்டிவிட்டார். வாங்குபவர் செய்ய வேண்டியதில் பெரும்பங்கை அவர் முடித்துவிட்டார். மாறாகக் கருதும் வழக்கறிஞர்களும் உண்டு.

தேர்வுக்குப் படிக்கிறவர் என்பதால் இரண்டு பொறிகளையும் காட்டிவிடுகிறேன். ஆயத்தத்துக்குத் தண்டனை இல்லை என்ற பொது விதி இச்சட்டத்தில் முழுமையாகச் செல்லாது. வணிக அளவு சம்பந்தப்பட்ட குற்றங்களிலும், 19, 24, 27ஏ பிரிவுகளின் குற்றங்களிலும், ஒருவர் தீர்மானத்தோடு ஆயத்தம் செய்து, தம் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட காரணத்தால் தடுக்கப்பட்டார் என்றால், 30ஆம் பிரிவு குறைந்தபட்ச தண்டனையில் பாதிக்குக் குறையாமலும் அதிகபட்சத்தில் பாதி வரையிலும் சிறை விதிக்கிறது. மற்றொன்று 29ஆம் பிரிவு. உடந்தைக்கும் சதிக்கும் அந்தக் குற்றம் நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. முயற்சியை நிரூபிக்கச் செயல் வேண்டும், சதிக்கு உடன்பாடு போதும் என்பதால்தான் காவல்துறை 28ஐ எழுதும்போது பக்கத்திலேயே 29ஐயும் எழுதிவிடுகிறது. ஆனால் ஒரு முறை வாங்க வந்தவரும் விற்றவரும் சேர்ந்து "சதி" செய்தார்கள் என்று சொல்வது அச்சொல்லை அதன் அளவுக்கு மேல் இழுப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இணையத்தில் ஒருவனை நம்பி 6,000 ரூபாய் அனுப்பினேன். தபாலில் வந்தது வெறும் உப்பு. அவன்மீது புகார் கொடுக்கலாமா? பொருளே இல்லாதபோது நான் குற்றவாளி இல்லைதானே?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். முயற்சி பற்றிய பழைய சட்டப்பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. புதிய சட்டத்திலும் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒருவன் திருடும் எண்ணத்தோடு இன்னொருவர் சட்டைப்பையில் கைவிடுகிறான், பை காலி. ஆனாலும் அவன் திருட முயன்ற குற்றவாளியே. கை விட்டவனின் எண்ணமும் செயலும் அங்கே முழுமையாக இருக்கின்றன, காலியாக இருந்தது பை மட்டும்தான். உப்பு வந்த உறையும் இந்தக் காலிப் பையைப் போன்றதே என்று அரசுத் தரப்பு வாதிட முடியும்.

பணத்தைப் பொறுத்தவரை, சட்டவிரோத நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 23ஆம் பிரிவு. உரிமையியல் நீதிமன்றத்தில் அந்த 6,000 ரூபாயைக் கேட்டு நிற்க முடியாது. ஏமாற்றியவன்மீது மோசடி வழக்கு நிற்கும் என்றாலும், புகாரில் எதற்காகப் பணம் அனுப்பினீர்கள் என்று நீங்களே எழுத வேண்டியிருக்கும். தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற பாதுகாப்பை அரசியலமைப்பின் 20(3)ஆம் உறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளிக்கிறது. தாமாக எழுதிக் கொடுப்பவருக்கு அது கைகொடுக்காது. ஆகவே எந்தப் புகாரும் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அந்த ஆள் இனிமேல் "உன்னைப் பிடித்துக் கொடுப்பேன்" என்று மிரட்டிப் பணம் கேட்டால் கதை வேறு. அது பணம் பறிக்கும் மிரட்டல். அதற்கு அஞ்சி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அன்றே வழக்கறிஞரோடு காவல்நிலையம் செல்லுங்கள்.

கேள்வி: சொந்தப் பயன்பாட்டுக்காக, ஒரே ஒரு முறை வாங்கினால் விலக்கு உண்டா?

பதில்: இல்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு, சொந்த நுகர்வுக்காகச் சிறு அளவு வைத்திருந்ததை நிரூபிப்பவருக்கு 27ஆம் பிரிவில் குறைந்த தண்டனை இருந்தது. இப்போது அந்தப் பிரிவு உட்கொண்டதற்கு மட்டும் உரியது: கொக்கெயின், மார்ஃபின், ஹெராயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மற்றவற்றுக்கு ஆறு மாதம் அல்லது 10,000 ரூபாய் அல்லது இரண்டும். வாங்குவதும் வாங்க முயல்வதும் யாருக்காக என்ற கேள்வியைச் சட்டம் கேட்பதில்லை. எவ்வளவு என்றுதான் கேட்கிறது.

இந்த "எவ்வளவு" எல்லாப் பொருளுக்கும் ஒன்றல்ல. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு என்று கேள்விப்பட்டவர்கள், மற்றவற்றுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஹெராயினுக்குச் சிறு அளவின் எல்லை 5 கிராம், வணிக அளவின் எல்லை 250 கிராம். கொக்கெயினுக்கு 2 கிராம், 100 கிராம். மெத்தாம்பெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம், 10 கிராம். எல்.எஸ்.டி.க்கு வணிக அளவே கிராமில் பத்தில் ஒரு பங்கில் தொடங்குகிறது. ஒரு சிட்டிகை என்று நண்பர்கள் சொல்வது சட்டத்தின் தராசில் பத்தாண்டுப் படியில் உட்கார்ந்துவிடலாம். கலப்படமும் உங்களைக் காப்பாற்றாது. 2020இல் ஹீரா சிங் வழக்கில், கலந்திருக்கும் மாவையும் தூளையும் கழிக்காமல் மொத்தக் கலவையின் எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது.

வணிக அளவு என்று வந்துவிட்டால் பிணையும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். 37ஆம் பிரிவின்படி, அரசு வழக்கறிஞர் எதிர்க்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் மனநிறைவு அடைந்தால்தான் பிணை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் 180 நாள் அவகாசம் உண்டு. அத்தனை நாளும் உள்ளே இருக்க நேரிடலாம்.

கேள்வி: விடுதியில் நாங்கள் நான்கு பேர் பணம் போட்டோம். வாங்கப் போனவன் ஒருவன். அவன் மட்டும் பிடிபட்டான். நாங்களும் மாட்டுவோமா? "நிதியளித்த குற்றம்" என்று ஏதோ சொல்கிறார்களே?

பதில்: போனவன் வாங்கியது முழுவதும் அவன் கணக்கில் எழுதப்படும், நாலில் ஒரு பங்குதான் என்னுடையது என்று அவன் சொல்ல முடியாது. பணம் கொடுத்து அனுப்பிய மற்ற மூவரையும் உடந்தை என்ற 29ஆம் பிரிவில் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு அவனுடைய காவல் வாக்குமூலம் மட்டும் போதாது. பணப் பரிமாற்றம், குறுஞ்செய்தி, வேறு சாட்சி ஏதாவது வேண்டும்.

நிதியளித்தல் என்பது 27ஏ பிரிவு. குறைந்தபட்சம் பத்தாண்டு என்பதால் அந்தப் பெயரைக் கேட்டதும் பெற்றோர் நிலைகுலைந்துபோகிறார்கள். சட்டவிரோதப் போதைப்பொருள் வணிகத்துக்குப் பின்னால் நின்று பணம் போடுகிறவருக்கு உரிய பிரிவு அது. குறிப்பிட்ட ஒரு கொள்முதலுக்குப் பணம் கொடுத்ததை மட்டும் வைத்து அதை நிதியளித்தல் என்று சொல்ல முடியாது என்று 2020இல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு பிணை ஆணையில் விளக்கியிருக்கிறது. ஆளுக்கு 300 ரூபாய் போட்ட மாணவர்கள்மீது அந்தப் பிரிவு எழுதப்பட்டால் அந்த ஆணையைக் காட்டி எதிர்க்கலாம். இதற்கிடையில், உங்கள் கைப்பேசிகளில் உள்ளவற்றை அழிக்கலாமா என்றும் கடிதத்தின் மூலையில் கேட்டிருக்கிறீர்கள். அழிக்காதீர்கள். ஆதாரத்தை அழித்தது தனிக் குற்றம். அழித்தது திரும்பக் கிடைத்துவிட்டால், ஒன்றுமில்லாத செய்திகூட ஏதோ இருந்ததுபோல வாசிக்கப்படும்.

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. இரண்டு ஆண்டுகளாக ஊசி, மாத்திரை. அவனே நிறுத்த விரும்புகிறான். மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் அங்கிருந்து காவல்துறைக்குத் தகவல் போய்விடுமோ என்று அம்மா தடுக்கிறார். (ஓர் அக்காள்)

பதில்: அம்மாவிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். இதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைப்பழக்கத்துக்கு அடிமையான ஒருவர்மீது உட்கொண்ட குற்றமோ சிறு அளவு சம்பந்தப்பட்ட குற்றமோ சாட்டப்பட்டிருந்தாலும், அவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றங்களுக்காக அவர்மீது வழக்கு நடத்தக்கூடாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காமல் விட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். சிறு அளவை வாங்க முயன்ற குற்றமும் சிறு அளவு சம்பந்தப்பட்ட குற்றம்தான் என்பதால், முதல் கடிதம் எழுதிய தந்தைக்கும் இது பயன்படக்கூடும். அவருடைய மகன் உண்மையிலேயே பழக்கத்துக்கு அடிமையாகியிருந்தால் மட்டும். ஆர்வத்தில் ஒருநாள் போனவனைச் சிகிச்சை மையத்தில் படுக்கவைத்து வழக்கிலிருந்து மீட்டுவிடலாம் என்று எண்ணினால் அது நிற்காது. குற்றம் நிரூபணமான பிறகும் 39ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது: அடிமையானவரின் சம்மதத்தோடு, சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

உங்கள் தம்பிமீது வழக்கே இல்லை. அவருக்குத் தயக்கத்துக்கு இன்னும் காரணம் குறைவு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரம்புக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவலை இரகசியமாக வைத்திருக்கும் கடமையை மருத்துவர்மீது சுமத்துகிறது. விதிவிலக்குகள் சில உண்டு. சிகிச்சைக்கு வந்தார் என்பதற்காகக் காவல்நிலையத்துக்குச் சொல்வது அவற்றில் ஒன்றல்ல. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; கட்டணம் இல்லை. எந்த மருத்துவமனை அங்கீகாரம் பெற்றது என்பதை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கைச் சீட்டையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரு உறையில் பத்திரப்படுத்துங்கள். பிறகு எப்போதாவது 64ஏ பற்றிப் பேச நேர்ந்தால் அந்த உறைதான் பேசும்.

கேள்வி: "உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் பதிவாகியிருக்கிறது, வாங்க முயன்றதற்காக டிஜிட்டல் கைது செய்கிறோம்" என்று வீடியோவில் சீருடையோடு ஒருவர் மிரட்டினார். 80 வயதில் நான் என்ன செய்வது?

பதில்: தொடர்பைத் துண்டியுங்கள், ஐயா. டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. கைது செய்தால் நேரில் வந்து, காரணம் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் வழியிலேயே முடக்கப்பட வாய்ப்பு உண்டு.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. வலி மாத்திரையைப் போதைக்காக வாங்க முயன்றதாகப் பிடிபட்டாள். அவள் எதிர்காலம், வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவரை மற்ற குற்றவாளிகளோடு நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். சிறுமியைக் காவல்நிலைய அறையில் அடைத்துவைத்திருந்தாலோ விலங்கிட்டிருந்தாலோ அதைக் குழுமத்தின் முன் உடனே சொல்லுங்கள். வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தை அழைத்து இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம்.

எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். டிரமடால் 2018 முதல் இச்சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அல்ப்ரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் இருக்கின்றன. பட்டியலில் இல்லாத மருந்தை மருத்துவர் சீட்டின்றி விற்றால் அது மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் விவகாரம். அங்கே பொறுப்பு பெரும்பாலும் விற்றவருக்கே. மாத்திரை அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மூலப்பெயரை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பட்டியலில் இல்லையென்றால் 28ஆம் பிரிவுக்கு அடித்தளமே இல்லை. விற்றவர் ஒரு சிறுமிக்குப் போதைக்காக மருந்து கொடுத்தார் என்றால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவின்படி அவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் வரை அபராதமும் காத்திருக்கின்றன. அந்தக் கோணத்தில் உங்கள் மகள் பாதிக்கப்பட்டவர்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, நிலுவையில் உள்ள குற்ற வழக்கும், கடந்த ஐந்தாண்டுக்குள் இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையும் மறுப்புக்குக் காரணமாகலாம். சிறார் விஷயத்தில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தனிக்காப்பு தருகிறது: குழுமம் குற்றம் உறுதி என்று கண்டாலும், அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவேடுகளை அழிக்க ஆணையிட வேண்டும். அந்த ஆணை தானாக நடந்துவிடும் என்று நம்பியிருக்காமல், உரிய காலத்தில் மனு கொடுத்து, அழிக்கப்பட்டதற்கான நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வயது வந்தவர்களுக்கு இந்தக் காப்பு இல்லை என்பதால், வேலைப் படிவம் பற்றிக் கேட்டு எழுதிய வேறு இரண்டு வாசகர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவத்தில் "எப்போதேனும் கைது செய்யப்பட்டீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா" என்ற கேள்வி இருந்தால் உள்ளதை எழுதுங்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அற்பமான வழக்கை மறைத்தவரைக்கூட வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்றும், உண்மையைச் சொன்னவரை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் இரு பக்கமும் சொல்லியிருக்கிறது. நான் பார்த்தவரை, ஓராண்டுக்குட்பட்ட சிறு அளவு வழக்கில் விடுதலையான பிறகும் வேலை இழந்தவர்கள், வழக்கு இருந்ததால் இழந்ததைவிட அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதியதால் இழந்ததே அதிகம். விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் படிவத்தோடு இணைத்து அனுப்புங்கள்.